உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்காகக் கேட்பது எப்படி? பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் புதிதாக வரும் பெற்றோருக்கு

"உங்க பேரையும் எஸ்.எம்.சி.யில சேர்த்திருக்கோம், வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க." பெரும்பாலான பெற்றோர் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குள் வருவது இந்த ஒரு வாக்கியத்தோடுதான். நானும் அப்படித்தான் வந்தேன். வட மாவட்டம் ஒன்றில் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி அது. மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. முதல் இரண்டு கூட்டங்களில் என்ன பேசலாம், எதைக் கேட்கலாம் என்று தெரியாமல் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வந்தேன்.

மூன்றாவது கூட்டத்துக்கு முன்னால்தான் ஒன்றைக் கவனித்தேன். காலையில் நிரப்பிக் கொடுக்கும் தண்ணீர் பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வருகிறது. ஏன் என்று கேட்டதற்கு, "குடிச்சா பாத்ரூம் வரும்மா, அங்க தண்ணி இல்ல" என்றாள். மோட்டார் பழுதாகி எத்தனை நாள் ஆயிற்று என்று எங்கள் குழுவில் ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தக் கழிப்பறைக்குத் தண்ணீர் வர ஏழு மாதம் ஆனது. அதில் ஐந்து மாதம் நாங்கள் தவறான அலுவலக வாசலில் நின்றோம். அந்த ஐந்து மாதத்தை உங்களுக்கு மிச்சப்படுத்தத்தான் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளை மனத்தில் வைத்து எழுதியது இது. நீங்கள் குழுவில் உறுப்பினராக இல்லாவிட்டாலும், உங்கள் பிள்ளை அந்தப் பள்ளியில் படிக்காவிட்டாலும் இதில் பெரும்பகுதி பயன்படும்.

முதலில், உங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

2009-ல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவுதான் பள்ளி மேலாண்மைக் குழுவை உருவாக்கியது. குழுவில் நான்கில் மூன்று பங்குக்குக் குறையாமல் பெற்றோர் அல்லது பாதுகாவலர் இருக்க வேண்டும். மொத்த உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்கள். நலிந்த, பின்தங்கிய பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் உண்டு. தமிழ்நாட்டில் 2022-ல் இந்தக் குழுக்களை 20 பேர் கொண்டதாக மறுகட்டமைப்புச் செய்தார்கள். 2024-ல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேர் ஆக்கினார்கள். தலைவராக இருப்பவர் ஒரு தாய்.

குழுவின் வேலை மூன்று. பள்ளி எப்படி நடக்கிறது என்று பார்ப்பது, பள்ளிக்கு வரும் பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பது. இந்த மூன்றாவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். 22-ஆவது பிரிவின்படி அரசு பள்ளிக்குத் தரும் திட்டங்களுக்கும் மானியங்களுக்கும் அடிப்படையே இந்த வளர்ச்சித் திட்டம்தான். அதில் எழுதாத வேலைக்கு நிதி கேட்பது கடினம். அரசு உதவி பெறும் பள்ளிகளில் குழுவுக்கு ஆலோசனை சொல்லும் பங்கு மட்டுமே உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெற்றோர் ஆசிரியர் கழகம் வேறு, இது வேறு. இரண்டிலும் ஒரே ஆட்கள் இருக்கலாம். ஆனால் தீர்மானத்தைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் பெயரில் போட்டால்தான் மேலே சொன்ன சட்டம் அதற்குத் துணை நிற்கும்.

அந்தச் சட்டத்தின் அட்டவணையை ஒருமுறையாவது படித்துவிடுங்கள், ஒன்றிரண்டு பக்கம்தான். ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை 60 பிள்ளைகள் இருந்தால் 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4. ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனிக் கழிப்பறை, பாதுகாப்பான குடிநீர், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் தடையில்லாமல் வந்து போகும் வழி, சமையலறை, விளையாட்டுத் திடல், சுற்றுச்சுவர் அல்லது வேலி, நூலகம் எல்லாம் அதில் இருக்கின்றன. நீங்கள் கேட்பது ஏற்கெனவே சட்டத்தில் எழுதிவைத்த ஒன்று. இதைத் தெரிந்துகொண்டு போகும்போது குரல் தானாக நிமிர்கிறது.

கேட்பதற்கு முன் பாருங்கள்

ஒரு வாரம் பள்ளியைக் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். பிள்ளைகளிடம் "ஸ்கூல் எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். "இன்னிக்கு எத்தனை தடவை பாத்ரூம் போன?", "சாப்பாட்டுல முட்டை இருந்துச்சா?", "மழை பெஞ்சப்ப எங்க உக்காந்தீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். உண்மை அப்போது வெளியே வரும்.

அப்புறம் மற்ற தாய்மார்களைக் கேளுங்கள். குறிப்பாக, கூட்டத்துக்கு வராதவர்களைக் கேளுங்கள். பிற்பகலில் கூட்டம் வைத்தால் கூலி வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறவர்களால் வர முடியாது. எங்கள் ஊரில் அப்படி வராமல் போனவர்களில் பெரும்பாலோர் ஆதிதிராவிடர் குடியிருப்பிலும் இருளர் குடியிருப்பிலும் இருந்தவர்கள். அவர்கள் பேர் குழுப் பட்டியலில் இருந்தது, குரல் இல்லை. நாங்கள் இரண்டு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கே போய்த் திண்ணையில் உட்கார்ந்து பேசினோம். கழிப்பறை பற்றிப் பேசத்தான் போனோம். அவர்கள் சொன்னது வேறு. நான்கு பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் இல்லை, அதனால் உதவித்தொகைக்கு எழுத முடியவில்லை. செங்கல் சூளைக்குப் போய் ஆறு மாதம் கழித்துத் திரும்பிய ஒரு பிள்ளையை, மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று பள்ளியில் திரும்பச் சேர்க்கத் தயங்கியிருக்கிறார்கள்.

இந்த இரண்டுக்கும் வழி இருக்கிறது. வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளைக்கும் சேர்க்கை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு சொல்கிறது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதும் மறுப்பதற்குக் காரணம் ஆகாது என்கிறது 5-ஆவது பிரிவு. பழங்குடியினருக்கான சாதிச் சான்றிதழைத் தாசில்தார் தருவதில்லை. வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் தருகிறார். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணையில் பல விண்ணப்பங்கள் மாதக்கணக்கில் நிற்கின்றன. நான்கு குடும்பமும் தனித்தனியாக அலையாமல் ஒரே நாளில் சேர்ந்து போனபோது வேகம் கூடியதை நான் கண்ணால் பார்த்தேன்.

தலைமையாசிரியரிடம் முதலில் பேசுங்கள்

இதைத் தவிர்த்துவிட்டு நேராக மேலதிகாரியிடம் போகாதீர்கள். ஆசிரியர் மீதே கடுமையான புகார் என்றால் மட்டும் வேறு வழி. மற்ற எல்லாவற்றுக்கும் தலைமையாசிரியரின் அறையில்தான் தொடங்க வேண்டும்.

எங்கள் மோட்டார் விஷயத்தில் தலைமையாசிரியர் மீது எனக்குக் கோபம் இருந்தது. போய்க் கேட்டேன். அவர் எதுவும் பேசாமல் ஒரு கோப்பைத் திறந்து காட்டினார். பழுது பார்க்கக் கோரி அவர் எழுதிய மூன்று கடிதங்களின் நகல் அதில் இருந்தன. ஒன்றுக்கும் பதில் இல்லை. அவர் அரசு ஊழியர். தன் துறையை எதிர்த்து ஓரளவுக்கு மேல் அவரால் சத்தம் போட முடியாது. பெற்றோரால் முடியும். இந்த வித்தியாசம் புரிந்த நாளிலிருந்து நாங்கள் இரண்டு தரப்பாக இல்லாமல் ஒரே தரப்பாக ஆனோம்.

ஆகவே, போனதும் "ஏன் செய்யவில்லை?" என்று கேட்காதீர்கள். "இதுக்காக இதுவரைக்கும் என்னென்ன எழுதியிருக்கீங்க டீச்சர், நகல் தர முடியுமா?" என்று கேளுங்கள். அந்தக் காகிதங்கள் பின்னால் உங்கள் மனுவோடு இணைப்பாகப் போகும்.

பள்ளி மானியம் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்றும் கேளுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம், அது குழுவின் சட்டப்படியான வேலை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட விதிமுறைப்படி மாணவர் எண்ணிக்கை 30 வரை இருந்தால் ஆண்டுக்கு 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000 என்ற கணக்கில் மானியம். இதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைப் பணிக்குச் செலவிட வேண்டும். சின்னச் சின்னப் பழுதுகளை இந்தப் பணத்திலேயே முடித்துவிடலாம். ஒரு குழாய்த் திருகுக்காகக் கலெக்டர் ஆபீஸ் வரை போக வேண்டியதில்லை.

தீர்மானம் போடுங்கள், வாய்ப்பேச்சோடு விடாதீர்கள்

கூட்டத்தில் எவ்வளவு நேரம் பேசினாலும் தீர்மானப் பதிவேட்டில் ஏறாதது பேசாததற்குச் சமம். "கழிப்பறை வசதி வேண்டும்" என்று ஒரு வரி எழுதினால் அது எங்கேயும் போகாது. எத்தனை பிள்ளைகள், என்ன பழுது, எப்போதிருந்து, யார் செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் என்ற ஐந்தும் அதில் இருக்கட்டும். படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டபின் கையெழுத்துப் போடுங்கள். காலிப் பக்கத்தில் கையெழுத்துக் கேட்டால், எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், "எழுதிட்டு வாங்க சார், போடறேன்" என்று சொல்லிவிடுங்கள்.

தீர்மானங்களைப் பள்ளிக் கல்வித் துறையின் டிஎன்எஸ்இடி பேரண்ட்ஸ் என்ற போன் ஆப் வழியாகவும் பதிவேற்றுகிறார்கள். பதிவேற்றியாயிற்றா என்று அந்த இடத்திலேயே பார்த்துவிடுங்கள். பதிவேட்டுப் பக்கத்தைப் போனில் ஒரு படம் எடுத்துவைப்பது நல்லது.

யாரிடம் கேட்பது? இங்கேதான் எங்கள் ஐந்து மாதம் போனது

பள்ளி என்றால் கல்வித் துறை என்று நினைத்தோம். வட்டாரக் கல்வி அலுவலரிடம் போனோம். அவர் மரியாதையாகத்தான் பேசினார், மனுவை வாங்கி வைத்துக்கொண்டார். திரும்பத் திரும்பப் போனோம். கடைசியில் அங்கிருந்த ஓர் எழுத்தர் அம்மாதான் மெதுவாகச் சொன்னார்: "இது யூனியன் ஸ்கூலும்மா. கட்டடம், தண்ணி எல்லாம் பி.டி.ஓ. ஆபீஸ்லதான் கேக்கணும்."

ஒரே பள்ளிக்குள் நான்கைந்து துறைகள் இருக்கின்றன. ஊராட்சி ஒன்றியப் பள்ளி என்றால் கட்டடம், கழிப்பறை, சுற்றுச்சுவர், இடிக்க வேண்டிய பழைய வகுப்பறை எல்லாம் வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் பொறுப்பு. மேல்நிலைத் தொட்டியிலிருந்து குழாய் இழுப்பதும் தெருவிளக்கும் கிராம ஊராட்சி. நகராட்சி, மாநகராட்சிப் பள்ளி என்றால் அந்தந்த அலுவலகம். ஆசிரியர் பற்றாக்குறை, பாடப்புத்தகம், வகுப்பறையில் நடப்பது ஆகியவை கல்வித் துறை: வட்டாரக் கல்வி அலுவலர், அவருக்கு மேல் மாவட்டக் கல்வி அலுவலர், அவருக்கும் மேல் முதன்மைக் கல்வி அலுவலர். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான சிறப்புப் பயிற்றுநர், உபகரணம், வீட்டுவழிப் பயிற்சி என்றால் வட்டார வளமையம்.

சத்துணவும் காலை உணவும் சமூக நலத் துறையைச் சேர்ந்தவை. அன்றாட நிர்வாகத்துக்கு வட்டார வளர்ச்சி அலுவலகத்திலேயே சத்துணவுப் பிரிவு இருக்கிறது. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. சமைப்பவர்கள் பெரும்பாலும் உங்கள் ஊர் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள்தான். உப்புமா குழைந்துவிட்டது என்பதற்கு மனு எழுத வேண்டாம், அந்த அக்காவிடம் பேசினால் போதும். அரிசி, பருப்பு தரமில்லாமல் வருகிறது என்றால் அது அந்த அக்காவின் கையில் இல்லை. அதை எழுத்தில் மேலே கொண்டு போக வேண்டும்.

பால்வாடி, அதாவது அங்கன்வாடி மையம், முற்றிலும் வேறு வரிசை. 6 மாதம் முதல் 6 வயது வரையான பிள்ளைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் எல்லாம் அதற்குள் வருவார்கள். பணியாளரிடம் பேசித் தீராவிட்டால் மேற்பார்வையாளர், அதன்பின் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலர். பள்ளிக்குப் பேருந்து நேரம் ஒத்துவரவில்லை என்றால் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளர். பள்ளிக்கு நூறு கஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கிறார்கள் என்றால் காவல் நிலையம். 2003-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுக்கிறது.

உங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் இந்த அலுவலகங்களின் பெயர், எங்கே இருக்கிறது, பேருந்து எது, எந்தக் கிழமையில் அதிகாரி இருக்கையில் இருப்பார் என்று எழுதிவையுங்கள். இது ஒரு சாயங்கால வேலை, ஆனால் ஆண்டு முழுவதும் பயன்படும்.

மனு எழுதும் முறை

ஒரு மனுவில் ஒரே கோரிக்கை. ஐந்து குறைகளை ஒரே தாளில் எழுதினால் ஐந்தில் எதற்கும் ஒருவர் பொறுப்பேற்க மாட்டார். ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். கோபத்தை எழுத வேண்டாம், எண்ணிக்கையை எழுதுங்கள். நாங்கள் கடைசியில் கொடுத்தது ஏறக்குறைய இப்படி இருந்தது:

அனுப்புநர்: பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்கள் மற்றும் பெற்றோர், ஊ. ஒ. நடுநிலைப் பள்ளி, (ஊர்).

பெறுநர்: வட்டார வளர்ச்சி அலுவலர் அவர்கள், ஊராட்சி ஒன்றிய அலுவலகம், (ஊர்).

பொருள்: மாணவியர் கழிப்பறை – தண்ணீர் மோட்டார் பழுது நீக்கித் தரக் கோருதல் – தொடர்பாக.

ஐயா, வணக்கம். எங்கள் பள்ளியில் 64 மாணவியர் படிக்கிறார்கள். கழிப்பறைக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் கடந்த ஜூன் மாதம் முதல் இயங்கவில்லை. கழிப்பறைக்குப் போகாமல் இருப்பதற்காகப் பிள்ளைகள் பகல் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். வயதுக்கு வந்த மாணவியர் மாதவிடாய் நாட்களில் பள்ளிக்கு வருவதில்லை. தலைமையாசிரியர் மூன்று முறை எழுதிய கடிதங்களின் நகலும் பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மான நகலும் இணைக்கப்பட்டுள்ளன. மோட்டாரை 15 நாட்களுக்குள் சரிசெய்து தருமாறும், இம்மனு மீது எடுத்த நடவடிக்கையை எங்களுக்கு எழுத்தில் தெரிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம்.

இணைப்பு: 4. நகல்: ஊராட்சித் தலைவர், வட்டாரக் கல்வி அலுவலர்.

இதன் கீழே 41 பேர் கையெழுத்து, கைநாட்டு. கைநாட்டு வைக்கத் தயங்கியவர்களிடம், கையெழுத்தைப் போலவே அதற்கும் மதிப்பு உண்டு என்று சொன்னோம். நோட்டில் எழுதி வைத்திருந்த பிள்ளைகளின் வருகை விவரம் அந்த மனுவில் இரண்டு வரியாக வந்தது. படித்தவுடன் அந்த அதிகாரி முகம் மாறியது அந்த இரண்டு வரியில்தான்.

இரண்டு நகல் எடுத்துப் போங்கள். ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். "வெச்சுட்டுப் போங்கம்மா, பாத்துக்கறோம்" என்று சொன்னாலும், "ஒரு சீல் மட்டும் போட்டுக் கொடுங்க சார், கூட்டத்துல காட்டணும்" என்று நின்று வாங்குங்கள். தபாலில் அனுப்பினால் ரசீதை நோட்டில் ஒட்டிவிடுங்கள். தனியாகப் போகாதீர்கள், மூன்று பேராவது போங்கள். ஒருவர் பேச, ஒருவர் குறித்துக்கொள்ள, ஒருவர் கூட நிற்க. முப்பது பேராகவும் போக வேண்டாம். மனு கொடுக்கும் நாள் வேறு, கூட்டம் திரள வேண்டிய நாள் வேறு.

கிராம சபையைப் பயன்படுத்துங்கள்

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்களும் அதன் உறுப்பினர். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் ஊராட்சி இருக்கும் காலத்திலும் சபையில் பேச உங்களுக்கு உரிமை உண்டு.

பள்ளிக் கோரிக்கையை முன்கூட்டியே எழுதி ஊராட்சிச் செயலரிடம் கொடுத்து, பொருள் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். அன்று காலையில் போய்க் கேட்டால் "இதர பொருள்" என்று கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள். அதற்குள் பாதிப்பேர் எழுந்து போயிருப்பார்கள். பெண்கள் முன்வரிசையில் உட்காருங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் ஊரில் பெண்கள் எப்போதும் பின்னால், மரத்தடியில் நிற்பார்கள். அங்கிருந்து பேசினால் மைக் வைத்திருப்பவருக்குக் கேட்காது. ஒரு ஆகஸ்ட் 15 அன்று பதினைந்து பேர் சேர்ந்து போய் முன்னால் பாயில் உட்கார்ந்தோம். அன்றைக்குத்தான் பள்ளிச் சுற்றுச்சுவர் தீர்மானம் புத்தகத்தில் ஏறியது. தீர்மானத்தைப் படித்துக் காட்டச் சொன்னதும் நாங்கள்தான்.

நகரத்தில் இருப்பவர்களுக்கு இதே போலப் பகுதி சபை இருக்கிறது. கூடும் தேதியை உங்கள் கவுன்சிலரிடம் கேளுங்கள்.

பதில் வராவிட்டால்

பதினைந்து நாள் பொறுங்கள், அப்புறம் ஒரு நினைவூட்டல் கடிதம். அதற்கும் பதில் இல்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில், பழைய மனுவின் முத்திரை வைத்த நகலோடு கொடுங்கள். அங்கே தரும் ரசீதில் மனு எண் இருக்கும், தொலைக்காதீர்கள். முதல்வரின் முகவரி துறையின் 1100 என்ற எண்ணிலும் பதிவு செய்யலாம். கல்வி தொடர்பான சந்தேகங்களுக்கு 14417.

சில நேரம், "நிதி ஒதுக்கியாயிற்று", "வேலை முடிந்துவிட்டது" என்று பதில் வரும். பள்ளியில் போய்ப் பார்த்தால் ஒன்றும் நடந்திருக்காது. அப்போது தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய் கட்டணம், நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருப்பவர்களுக்குக் கட்டணம் இல்லை. 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். "ஏன் செய்யவில்லை?" என்ற கேள்விக்கு இந்தச் சட்டத்தில் பதில் கிடைக்காது. ஆவணத்தைக் கேட்க வேண்டும்: மதிப்பீட்டின் நகல், பணி ஆணையின் நகல், பணி முடிவுச் சான்றின் நகல், செலவு ரசீதின் நகல்.

கட்டடம் ஆபத்தாக இருந்தால் மட்டும் இந்த வரிசை எதற்கும் காத்திருக்காதீர்கள். 2021 டிசம்பரில் நெல்லையில் ஒரு பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். விரிசல் விட்ட சுவர், பெயர்ந்து விழும் கூரை, தொங்கும் மின்கம்பி இவற்றைப் படம் எடுத்து அன்றைக்கே தலைமையாசிரியர், வட்டார வளர்ச்சி அலுவலர், கலெக்டர் அலுவலகம் மூன்றுக்கும் ஒரே நேரத்தில் எழுத்தில் அனுப்புங்கள். அந்த அறையில் பிள்ளைகளை உட்காரவைக்க மாட்டோம் என்று குழு அன்றே தீர்மானம் போடட்டும்.

ஒரு பிள்ளையின் துயரம் ஊர்ப் பேச்சு ஆகக் கூடாது

இந்தப் பகுதியைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். குழுவில் இருக்கிறீர்கள் என்று தெரிந்ததும் சிலர் வேறு விஷயங்களையும் உங்களிடம் கொண்டுவருவார்கள். ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்குக் கல்யாணம் பேசுகிறார்கள், ஒரு பையன் பட்டறையில் வேலைக்குப் போகிறான், ஒரு பிள்ளையை யாரோ தொட்டிருக்கிறார்கள்.

இவை கூட்டத்தில் பேசும் விஷயங்கள் அல்ல. வாட்ஸ்அப் குழுவில் எழுதவே கூடாது. 1098-க்குப் போன் செய்யுங்கள், இது குழந்தைகளுக்கான உதவி எண், இரவிலும் எடுப்பார்கள். குழந்தைத் திருமணம் என்றால் மாவட்டச் சமூக நல அலுவலர்தான் அதைத் தடுக்க அதிகாரம் பெற்றவர். பாலியல் வன்முறை என்றால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். "ஊருக்குள்ள பேசி முடிச்சுக்கலாம்" என்று பெரியவர்கள் கூப்பிடுவார்கள். அந்தப் பேச்சுக்குப் போகாதீர்கள், உங்கள் பெயரில் அப்படி ஒன்று நடக்கவும் விடாதீர்கள். பிள்ளையின் பெயர், ஊர், பள்ளி எதுவும் வெளியே தெரியக் கூடாது என்பதும் அதே சட்டம். அந்தத் தாயோடு ஆஸ்பத்திரிக்கும் காவல் நிலையத்துக்கும் கூடப் போய் உட்கார்ந்திருங்கள். நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான்.

பணம் திரட்டலாமா?

இந்தக் கேள்வி எல்லா ஊரிலும் வரும். "அரசாங்கத்தை எதிர்பார்த்துக்கிட்டு இருக்காம நாமே போட்டு முடிச்சிடலாம்" என்று ஒருவர் சொல்வார். தப்பில்லை. 1950-களின் இறுதியில் காமராஜர் ஆட்சியில், பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். ஊர் மக்களே மேசை நாற்காலி, கட்டடம், நிலம் என்று பள்ளிகளுக்கு அள்ளிக் கொடுத்தார்கள். இப்போதும் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' என்ற அரசுத் திட்டம் வழியாக முன்னாள் மாணவர்கள் கொடுக்கலாம்.

ஆனால் என் கருத்தைச் சொல்கிறேன். கழிப்பறை, குடிநீர், ஆசிரியர், கூரை இவற்றை ஊர்ப்பணத்தில் செய்துகொள்ளாதீர்கள். ஒருமுறை நாம் செய்துவிட்டால் அடுத்தமுறை பழுதாகும்போதும் நம்மையே பார்ப்பார்கள். பணம் திரட்ட முடியாத பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு அது கெட்ட முன்னுதாரணமும் ஆகும். நூலகத்துக்குக் கூடுதல் புத்தகம், விளையாட்டுச் சாமான், ஆண்டு விழா இவற்றுக்கு ஊர் கைகொடுக்கட்டும். எதற்குத் திரட்டினாலும் ரசீது கொடுத்து, கணக்கைப் பள்ளிச் சுவரில் ஒட்டுங்கள். எந்தப் பெற்றோரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. கொடுக்காதவரின் பிள்ளை வகுப்பில் தலைகுனிய நேர்ந்தால் அந்தப் பணமே வேண்டாம்.

வேலை முடிந்தபிறகு

எங்கள் மோட்டார் வந்த அன்று பிள்ளைகளைவிட நாங்கள்தான் குழாயைத் திறந்து திறந்து பார்த்தோம். மூன்று வாரத்தில் மறுபடி நின்றது. இந்தமுறை யாரைக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்ததால் நான்கு நாளில் ஓடியது. ஆகவே, மாதம் ஒருமுறை இரண்டு தாய்மார்கள் முறைவைத்துப் பள்ளிக்குப் போய்க் கழிப்பறை, தண்ணீர், சமையல்கூடம் மூன்றையும் பார்த்து நோட்டில் தேதியோடு எழுதுங்கள். உதவி செய்த அதிகாரிக்கு நன்றிக் கடிதம் ஒன்று அனுப்புங்கள். அவர்களுக்கும் மனு மட்டும்தான் வருகிறது.

குழுவின் காலம் இரண்டு ஆண்டு. உங்கள் பிள்ளை எட்டாம் வகுப்பு முடித்துப் போய்விடும், புதியவர்கள் வருவார்கள். போகும்போது அந்த நோட்டை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். எங்கள் நோட்டு இப்போது நான்காம் வகுப்புப் பையனின் அம்மா ஒருவரிடம் இருக்கிறது. அதன் கடைசிப் பக்கத்தில் யூனியன் ஆபீஸ் எழுத்தர் இருக்கையில் இருக்கும் கிழமைகள், மோட்டார் மெக்கானிக்கின் போன் நம்பர், இன்னும் முடியாத சுற்றுச்சுவர் மனுவின் எண் மூன்றும் இருக்கின்றன.